பாமினிக் கோப்பிலிருந்து யூனிகோட் நூற்பட்டியல்: ஏஐ கருவியோடு செய்த வேலையின் குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் ஓர் ஊர் நூலகத்தை என் நண்பர் ஒருவர் கவனித்துக்கொள்கிறார். அங்கே நாலாயிரத்துச் சொச்சம் தமிழ்ப் புத்தகங்கள். அவற்றின் பட்டியலை யாரோ புண்ணியவான் இருபது வருடங்களுக்கு முன் வேர்ட் கோப்புகளில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, அகர வரிசைப்படுத்தி, கைப்பேசியில் தேடக்கூடிய பக்கமாக்கித் தர வேண்டும். இதுதான் வேலை.

நான் கோவையில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அலுவலகத்தில் இப்போது பெரும்பாலான நிரலை ஏஐ கருவிதான் தட்டுகிறது. இந்த வேலையையும் அப்படியே செய்வதென்று முடிவு செய்தேன். நிரலைக் கருவி எழுதட்டும். நான் எங்கெங்கே தேவைப்படுகிறேன் என்று குறித்து வைப்போம் என்று நினைத்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. பாமினிக் கோப்புகளை மாற்றும் வேலையில் இருப்பவர்களுக்கும், ஏஐ வந்த பிறகு எதைக் கற்றுக்கொள்வது என்று குழம்பும் தம்பி தங்கைகளுக்கும் பயன்படும்.

முதலில் பாமினி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். சின்ன ஜே என்றால் த, பெரிய ஜே என்றால் து. சின்ன எஃப் க, பெரிய எஃப் கு. சின்ன என் ஒற்றைக் கொம்பு, பெரிய என் இரட்டைக் கொம்பு. எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்து ஆங்கிலக் குப்பை மட்டும் மிஞ்சும்.

கருவியிடம் கோப்பைக் கொடுத்து, "இது பாமினி, யூனிகோடாக மாற்று, பைத்தான் நிரல்மொழியில் எழுது" என்றேன். இரண்டு நிமிடத்தில் நிரல் வந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது. வேர்ட் கோப்பின் அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக்கி, பிறகு ஒவ்வொரு கலத்தையும் மாற்றும்படி எழுதியிருந்தது. பொதுவாகப் பட்டியல்களுக்கு அது நல்ல வழிதான். பாமினிக்கு ஆகாது. ஏனென்றால் பாமினியில் காற்புள்ளிதான் 'இ'. 'இலங்கை' என்று எழுதினால் கோப்பில் முதல் குறியே காற்புள்ளி. உண்மையான காற்புள்ளி வேண்டுமென்றால் 'பெரிது' குறியை (>) அடிக்க வேண்டும். 'சிறிது' குறி (<) ஈ. அரைப்புள்ளியோ மெய்யெழுத்தின் புள்ளி, அதனால் அரைப்புள்ளியால் பிரித்தாலும் தப்பிக்க முடியாது.

இடைக்கோப்பை எழுதும்போதும் படிக்கும்போதும் மேற்கோள் குறிகளை ஒழுங்காகக் கையாண்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். கருவி எழுதிய நிரல் வெறுமனே காற்புள்ளியில் வெட்டியது. 'இலக்கியம்', 'இந்து', 'இராமாயணம்' என்று வரும் ஒவ்வொரு வரியும் ஒரு கட்டம் தள்ளிப்போய் நிற்கும். தலைப்பு இருக்க வேண்டிய இடம் காலியாகவும், ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் பாதித் தலைப்பும்.

பழைய கோப்புகளோடு மல்லுக்கட்டியவர்கள் இதை நிரலை ஓட்டுவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள். நான் நிரலைப் படித்தவுடனே நிறுத்திவிட்டு, இடையில் உரைக்கோப்பே வேண்டாம், வேர்ட் கோப்பை நேரடியாகப் படி என்றேன். இங்கே எனக்கு உதவியது நிரல் எழுதும் திறமை இல்லை. தரவு எந்த வடிவில் கிடக்கிறது, எந்தக் குறிக்கு அங்கே என்ன பொருள் என்று அறிந்திருந்ததுதான்.

நேரடியாகப் படிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பட்டியலில் ஆண்டு, விலை, சில ஆங்கிலப் பதிப்பகப் பெயர்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆங்கிலப் பெயரையும் பாமினி என்று நினைத்து மாற்றினால் வாயில் நுழையாத தமிழ் வரும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் வேர்ட் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. பழைய கோப்புகளை லிப்ரே ஆபிஸ் மென்பொருளால் புதிய வடிவத்துக்கு மாற்றினால், உள்ளே ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் எழுத்துருப் பெயர் கிடைக்கும். ஆனால் தலைப்பு வரிகளுக்குத் தனியாக எழுத்துருப் பெயர் இருக்காது, பத்தியின் பாணியிலிருந்து வரும். அந்த இடங்களில், வேர்ட் கோப்பைப் படிக்கும் பைத்தான் நிரல்தொகுப்பு 'ஒன்றுமில்லை' என்று திருப்பித் தரும். கருவி அதை 'பாமினி இல்லை' என்று எடுத்துக்கொண்டு துறைத் தலைப்புகளை எல்லாம் மாற்றாமல் விட்டுவிட்டது. பாணியைப் பின்தொடர்ந்து போய்ப் பார் என்று சொன்னதும் உடனே சரியாக எழுதியது. சொல்லிவிட்டால் செய்துவிடுகிறது. எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நம் பக்கம்.

இனி வரும் பகுதிதான் முக்கியம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும், உயிர்க்குறி பின்னால். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் ஆக வேண்டும். இதைக் கருவி பிசகில்லாமல் செய்தது. நீளமான சேர்க்கைகளை முதலில், குட்டையானவற்றைப் பிறகு என்று எழுத்து மாற்ற அட்டவணையை அடுக்கியிருந்தது. சபாஷ்.

சிக்கல் ஔகாரத்தில். பாமினியில் ஔகாரத்துக்குத் தனி வால் கிடையாது, ள எழுத்தையே போட்டுக்கொள்வார்கள். ஆகவே 'மௌனம்' என்பதன் முதல் எழுத்து கோப்பில் கொம்பு, ம, ள. கருவி தன் அட்டவணையில் 'கொம்பு, மெய், ள' என்று வந்தால் ஔகாரம் என்று எழுதிவிட்டது. மௌனம், கௌரி, பௌத்தம் எல்லாம் சரியாக வந்தன. ஆனால் 'வெளியீடு' என்ற சொல்? கொம்பு, வ, ள, பிறகு இகரக் குறி. கருவி முதல் மூன்றையும் விழுங்கி 'வௌ' ஆக்கிவிட்டு, மிச்சமிருந்த இகரக் குறியை அதன் பின்னால் ஒட்டியது. விளைவு 'வௌியீடு'. தெளிவு 'தௌிவு' ஆனது. வெள்ளி 'வௌ்ளி' ஆனது.

பல எழுத்துருக்களில் இதைத் திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஔகாரத்தின் வால் ள போலவே இருப்பதால் கண் ஏமாந்துவிடும். தேடும்போதுதான் குட்டு வெளிப்படும். வெளியீடு என்று ஒழுங்காகத் தட்டித் தேடுபவருக்கு ஒரு புத்தகமும் கிடைக்காது. புத்தகப் பட்டியலில் 'வெளியீடு' எத்தனை முறை வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பிழை இன்று நேற்றையது அல்ல. பழைய மாற்றிகள் வழியாக இணையத்தில் ஏறிய கட்டுரைகளில் 'வௌியீடு' இன்றும் கிடக்கிறது. என் ஊகம், கருவியும் அத்தகைய பழைய அட்டவணைகளைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவன் இதில் கைகொடுத்தான். கல்லூரி முடித்து வந்த நாளிலிருந்து ஏஐ கருவியோடுதான் நிரல் எழுதுகிறான், கெட்டிக்காரன். கருவியிடமே சோதனைகளும் எழுதச் சொல்லி ஓட்டிவிட்டு வந்தான்.

"எல்லா டெஸ்டும் பாஸ் ஆயிருச்சுங்கண்ணா."

"டெஸ்ட்டை யார் எழுதுனது?"

"அதேதாங்கண்ணா எழுதுச்சு. யூனிகோடுல இருந்து திரும்ப பாமினிக்கு மாத்தி, மூலத்தோட ஒத்துப் பாக்குது. ஒரு வரிகூடத் தப்பலைங்க."

போய் வந்து ஒப்பிடும் சோதனை நல்ல உத்தி, பல இடங்களில் நானே சொல்வது. ஆனால் இங்கே அது எதையும் பிடிக்காது. 'வௌ'வைத் திருப்பினால் கொம்பு, வ, ள. ஒட்டிய இகரத்தைத் திருப்பினால் இகரம். மூலம் அட்சரம் பிசகாமல் திரும்பக் கிடைத்துவிடும். நடுவில் இருக்கும் யூனிகோட் தவறு என்பது கடைசிவரை வெளியே வராது. நிரலையும் சோதனையையும் ஒரே அட்டவணையை நம்பி எழுதினால், அட்டவணையின் தவறு இரண்டு பக்கமும் இருக்கும்.

அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன்: பாமினியை மறந்துவிடு, ஒரு தமிழ்ச் சொல்லில் எது ஒருபோதும் வரவே முடியாது? யோசித்துவிட்டு அவனே சொன்னான். ஒரு உயிர்க்குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறி வராது. உயிர்க்குறிக்குப் பின்னால் புள்ளி வராது. உயிரெழுத்துக்குப் பின்னால் கால் வராது. சொல்லின் தொடக்கத்தில் குறி தனியாக நிற்காது. நான்கே விதிகள். ஒவ்வொன்றும் ஒரு வரி ரீஜெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் கோவை. அட்டவணையோடு இவற்றுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, தமிழ் எழுத்தமைப்பிலிருந்து வருபவை. ஓட்டியதும் 'வௌியீடு' கூட்டம் மொத்தமும் வந்து விழுந்தது. அதோடு தட்டச்சு செய்தவர் இரண்டு முறை கால் அடித்திருந்த இடங்களும் சேர்ந்து வந்தன, அது கூடுதல் லாபம்.

அந்த விதிகளைக் கருவியிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னோம். ள-வுக்குப் பின் குறியோ புள்ளியோ இருந்தால் அது ளகரம், இல்லையென்றால் ஔகாரமாக இருக்கலாம் என்று திருத்தியது. 'இருக்கலாம்' என்பதைத்தான் நாங்கள் விடவில்லை. பேச்சுவழக்கில் 'வெளக்கு' என்று தலைப்பு வைத்தால் அங்கே ள-வுக்குப் பின் குறி ஏதும் இல்லை, ஆனால் அது ஔகாரமும் இல்லை. இதைத் தீர்க்கும் விதி கோப்பில் கிடையாது, படிக்கும் ஆளிடம்தான் இருக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட சொற்களை நிரல் தானாக முடிவு செய்யக் கூடாது, தனிப் பட்டியலில் தள்ளிவிட வேண்டும் என்று எழுதச் செய்தோம். அந்தப் பட்டியல் சிறியதுதான். நண்பருக்கு அனுப்பினேன், அவர் அலமாரியில் புத்தகத்தை எடுத்துப் பார்த்துக் குறித்து அனுப்பினார்.

இதற்கிடையில் வேறொரு விஷயமும் நடந்தது. திருத்தும்போது ஒரு சோதனை தோற்றது. கருவி நிரலைச் சரிசெய்வதற்குப் பதிலாகச் சோதனையில் எதிர்பார்க்கும் விடையை மாற்றிவிட்டு 'அனைத்தும் வெற்றி' என்று அறிவித்தது. ஏஐயோடு வேலை செய்யும் பலருக்கும் இது பழகிய சங்கதி. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் மாற்றங்களை வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் உடனே தெரிந்தது. அதன்பின் சோதனைக் கோப்புறையைத் தொடக் கூடாது என்று கருவி படிக்கும் குறிப்புக் கோப்பில் எழுதிவைத்தேன். எழுதியது போதாதென்று, அந்தக் கோப்புறையில் மாற்றம் இருந்தால் கமிட்டையே, அதாவது கிட்டில் பதிவதையே, மறுக்கும் சின்ன ஸ்க்ரிப்ட்டும் போட்டேன். கருவியிடம் சொல்லி வைப்பது ஒன்று, பூட்டிவைப்பது வேறு.

மாற்றங்களைப் படிப்பது பற்றி இங்கே ஒரு வார்த்தை. முன்பு நாள் முழுக்க எழுதினால் நூறு இருநூறு வரி வரும், படிப்பவருக்கும் அது தாங்கும். இப்போது ஒரு தேநீர் குடித்து வருவதற்குள் ஆயிரம் வரி நிற்கிறது. இதற்கு நான் பின்பற்றும் வழி, வேலையைச் சிறு துண்டாக வெட்டிக் கொடுப்பது. முதலில் எழுத்துருவை அடையாளம் காண்பது மட்டும். அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மாற்றம். அதன்பின் வரிசை. ஒவ்வொன்றும் நான் முழுதாகப் படிக்கக்கூடிய அளவு. வேலையை எங்கே வெட்டினால் தனியாகச் சோதிக்க முடியும் என்று பார்க்கத் தெரிவது முன்பு மூத்தவர்களின் வேலையாக இருந்தது. இப்போது முதல் நாளே வேண்டியிருக்கிறது.

வரிசைக்கு வருவோம். பைத்தானில் சும்மா சார்ட் போட்டால் யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். அந்த எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ. நம் நெடுங்கணக்கிலோ வ, ழ, ள, ற, ன என்று முடியும். சும்மா அடுக்கினால் நந்தி, நன்மை, நரி, நற்பணி, நலம், நளினம், நவம் என்று வரும். நூலகத்துக்கு வருகிறவர் எதிர்பார்ப்பது நந்தி, நரி, நலம், நவம், நளினம், நற்பணி, நன்மை. மெய்யெழுத்தும் அப்படித்தான். அகராதியில் 'அக்கா' முன்னால், 'அகம்' பின்னால். எண் வரிசையில் புள்ளியின் எண் பெரியது என்பதால் தலைகீழாகிவிடும்.

கருவி முதலில் சும்மா சார்ட்தான் போட்டது. தமிழ் நெடுங்கணக்கு வரிசை வேண்டும் என்று ஒரு வரி சொன்னதும், இரண்டு வழிகளை நிறைகுறையோடு எடுத்துக் கொடுத்தது: ஐசியு என்ற யூனிகோட் நிரல்தொகுப்பின் தமிழ் வரிசை விதிகளைப் பயன்படுத்துவது, அல்லது சொல்லை எழுத்துகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நாமே தரவரிசை எண் கொடுப்பது. நான் இரண்டாவதை எடுத்தேன். இருபது முப்பது வரிதான், நண்பரின் பழைய கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், நாளை ஸ, ஹ எழுத்துகளை எங்கே வைப்பது என்று நூலகத்தில் வேறு முடிவெடுத்தாலும் ஒரு வரியை மாற்றினால் போதும். பெரிய நிறுவனத் திட்டமாக இருந்தால் ஐசியுவைத்தான் எடுத்திருப்பேன். இந்தத் தேர்வு நூலகத்தின் நிலைமையைத் தெரிந்தவர் செய்ய வேண்டியது.

ஆசிரியர் பெயரிலும் இதே கதை. பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து முன்னால் போடும்படி கருவி எழுதியிருந்தது, மேற்கத்திய நூலக வழக்கப்படி. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? முதலெழுத்து அப்பாவுடையது, முழுச் சொல்தான் ஆளுடைய பெயர். புனைபெயர் என்றால் இன்னும் மோசம். குணராசா என்ற எழுத்தாளரின் புனைபெயர் செங்கை ஆழியான், அதைப் பிரித்து 'ஆழியான், செங்கை' என்று போட்டால் ஈழத்து வாசகர் யாரும் ஒப்பமாட்டார்கள். முதலெழுத்துகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே வரிசைப்படுத்து, புனைபெயரைத் தொடாதே என்று விதி எழுதினோம். நண்பர் பழைய அச்சுப் பட்டியலின் நாலு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அவற்றைக் கையால் தட்டி, அந்த வரிசையையே சோதனையின் விடையாக வைத்தோம். கருவி கைவைக்காத விடை அது.

இந்த வேலை முழுவதும் பைத்தான் இலக்கணம் எழுதுவதற்காக எனக்கு ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை. படிக்கத்தான் தேவைப்பட்டது. 2021இல் கோபைலட் என்ற ஏஐ நிரல் கருவி முன்னோட்டமாக வந்தபோது அது பாதி வரியை முடித்துக் கொடுக்கும் வசதியாகத்தான் இருந்தது. இப்போதைய கருவிகள் கோப்புகளைத் தாமே திறந்து, நிரலை ஓட்டிப் பார்த்து, திருத்திவிட்டு வந்து நிற்கின்றன. அதனால் வேகம் கூடிவிட்டது என்று எல்லோரும் உணர்கிறோம். உணர்வை நம்பிவிடக் கூடாது என்பதற்கு 2025இல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்ட சோதனை நல்ல சான்று. தங்களுக்கு நன்கு பழகிய திறந்த மூலத் திட்டங்களில் 16 அனுபவசாலிகள் 246 பணிகளைச் செய்தார்கள். ஏஐ கருவிக்கு அனுமதி இருந்த பணிகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. ஆனால் முடித்த பிறகு அவர்களைக் கேட்டபோது, ஏஐயால் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். 2025 தொடக்கத்துக் கருவிகளை வைத்து நடந்த சோதனை அது, கருவிகள் அதன்பின் மாறியிருக்கின்றன. என் வேலையில் மாற்றியை எழுதியது மளமளவென்று முடிந்தது, அது சரியா என்று நிறுவுவதற்குத்தான் பெரும்பகுதி நேரம் போனது. கருவி இல்லாமலிருந்தால் மாற்றியை எழுதவே மாலை வேளைகள் பல போயிருக்கும், இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை.

தம்பிக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நிரல் எழுதிப் பழகுவதை விட்டுவிடாதே. அந்த எழுத்துப் பிரிக்கும் இருபது வரியைக் கருவியை மூடிவிட்டுக் கையால் ஒருமுறை எழுது. 'தமிழ்' என்ற சொல்லுக்குப் பைத்தான் ஏன் நீளம் 5 என்கிறது, நாம் ஏன் 3 என்கிறோம் என்று உனக்கே புரியும்வரை எழுது. அது புரியாதவனுக்கு 'வௌியீடு' எதிரே நின்றாலும் தெரியாது. அவன் எழுதினான். கருவி எழுதியதைவிட நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அதை எழுதி முடித்த அன்று மாலையே, ஐந்தாவது விதி ஒன்றைக் கண்டுபிடித்து வந்தான்: ஒரே உயிர்க்குறியைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம், சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம் என்பதால், தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். யூனிகோடில் அதற்கு இயல்பாக்கம் என்று ஒரு முறை இருக்கிறது, பைத்தானிலேயே ஒரு வரி. என் குறிப்பில் அது இல்லை, கருவியும் போட்டிருக்கவில்லை.

இப்போது பட்டியல் ஏறிவிட்டது, தேடலும் ஓடுகிறது. பாக்கி இருப்பது இதழ்களின் பட்டியல். அது வேறொருவர் தட்டச்சு செய்தது, எழுத்துருவும் பாமினி இல்லை. குறி அட்டவணையைக் கருவிதான் மறுபடி புதிதாக எழுத வேண்டும். ஐந்து விதிகளும் எழுத்துருவைச் சாராதவை, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அச்சுப் பக்கத்தின் படங்களைத்தான் நண்பர் இன்னும் அனுப்பவில்லை. அவை வந்த பிறகுதான் தொடங்குவதாக இருக்கிறோம்.